கடற்கரையில் தோண்டிய மட்டி: வேகவைத்தால் நஞ்சு போய்விடுமா?

வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கமிருந்து விடுமுறைக்குக் கடற்கரை போறவங்களுக்கு, முகத்துவாரத்தில் மண்ணைக் கிளறி மட்டி எடுப்பது ஜாலியான பொழுதுபோக்கு. ஆனால், அதைச் சமைக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க.

நஞ்சு எப்படி வருது?
மட்டி, தண்ணீரை வடிகட்டி அதிலுள்ள நுண்பாசிகளை உண்ணும். சில பாசிகள் உண்டாக்கும் 'சாக்ஸிடாக்சின்' என்ற நஞ்சு மட்டியின் சதையில் சேர்ந்துவிடும்.

வேகவைத்தால் போகுமா?
போகாது. கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும் இந்த நஞ்சு அழியாது. நிறம், மணம், சுவையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே நடந்திருக்கா?
1981-ல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 3 பேர் உயிரிழந்தனர். 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1983-ல் மங்களூரு பகுதியிலும் இதே பாதிப்பு. 1997 செப்டம்பரில் கேரளாவின் விழிஞ்சத்தில், மட்டி போலவே ஓடுள்ள கல்லுமக்காய் சாப்பிட்ட 7 பேர் இறந்தனர்.

அறிகுறிகள் என்ன?
சாப்பிட்ட சில நிமிடங்களிலோ, சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரத்துப்போகும். அது கை, கால்களுக்குப் பரவும். மூச்சுத் தசைகள் முடங்கினால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால், உடனே செயற்கை சுவாசம் கொடுத்தால் காப்பாற்றலாம். தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எப்போது எடுக்கக் கூடாது?
தண்ணீர் நிறம் மாறியிருந்தாலோ, மீன்கள் செத்து ஒதுங்கினாலோ, கழிவுநீர் கலந்தாலோ எடுக்காதீங்க. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் நஞ்சு இருக்கலாம். உள்ளூர் மீனவர்களே வேண்டாம்னு ஒதுக்குற இடத்தில் கை வைக்காதீங்க.