களைப்பின் வரலாறு: இரும்பு அச்சிலிருந்து காபன் நார்ப்படை வரை

உலோகமும் களைப்படையும் என்பதைக் கைத்தொழில் உலகம் மனித உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி வெர்சேயிலிருந்து பாரிஸ் நகருக்குத் திரும்பிய புகையிரதத்தின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் 50க்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டனர். நார்த்தன்மையுடைய இரும்பு நாளடைவில் பளிங்குத்தன்மை பெற்று நொறுங்குகின்றது என்பதே அன்று நிலவிய விளக்கமாகும். 1843இல் றங்கின் இதனை மறுத்து, வெடிப்பு சிறிது சிறிதாக வளர்வதை எடுத்துக்காட்டினார். பிரசியப் புகையிரதப் பொறியியலாளர் ஒகஸ்ட் வோலர் 1870 வரை நடத்திய ஆய்வுகள், ஒரு தடவை எளிதில் தாங்கப்படும் சுமையும் பன்முறை மாறிமாறி ஏற்றப்படின் முறிவை ஏற்படுத்தும் என நிறுவின.

1961ஆம் ஆண்டுக்கும் 1963ஆம் ஆண்டுக்கும் இடையில் போல் பாரிஸ் முதலியோர், ஒவ்வொரு சுமைச் சுற்றுக்கும் வெடிப்பு எவ்வளவு வளரும் என்பதைக் கணிக்கும் விதியை வகுத்தனர். வெடிப்பின் வேகம் தெரிந்தால், அது அபாய அளவை எட்டுமுன் பரிசோதிக்க வேண்டிய காலத்தையும் வரையறுக்கலாம். விமானப் பாதுகாப்பு இக்கணிப்பின் மீது எழுந்தது.

காபன் நார்ப் பொருள்கள் இந்நம்பிக்கையைச் சோதித்தன. இவற்றில் மெல்லிய நார்ப்படைகள் வெவ்வேறு திசைகளில் ஒன்றன்மேலொன்றாகப் பிசினால் பிணைக்கப்படுகின்றன. நார்களின் திசையில் பொருள் மிக வலியது. படைகளுக்கிடையிலோ பிசின் மட்டுமே உண்டு. மீளமீள வரும் சுமையில் அவ்விடைவெளி திறந்து படைகள் பிரிகின்றன. வெளித்தோற்றத்தில் மாற்றம் எதுவும் தெரியாதிருக்கலாம். 1982இல் ஓ பிறயன், ஓரங்களில் தோன்றும் இப்பிரிவைச் சக்தி விடுவிப்பு வீதத்தால் அளக்கும் முறையை முன்வைத்தார்.

பாரிஸ் விதியின் வடிவம் இங்கும் பொருந்தியது. ஆயின் அதன் சுட்டி மிகப் பெரிதாயிற்று. சுமை வீச்சு 10 சதவீதம் கூடும்போது, சுட்டி 3 எனின் வளர்ச்சி வேகம் 1.33 மடங்காகும்; சுட்டி 10 எனின் 2.6 மடங்காகும். சுமைக் கணிப்பில் நேரும் சிறு பிழையும் ஆயுட்காலக் கணிப்பைத் தலைகீழாக்கிவிடும். எனவே, சேதம் வளரவே கூடாது என்ற கோட்பாடு நெடுங்காலம் மேலோங்கியது. மெதுவானதும் நிலையானதும் முன்கூட்டியே கணிக்கத்தக்கதுமான வளர்ச்சியை ஏற்கும் வழியை 2009ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல் வெளிப்படையாக இடம்பெறச் செய்தது.

2005 மார்ச் 6ஆம் திகதி, கியூபாவின் வரதேரோவிலிருந்து கியூபெக் நோக்கிப் புறப்பட்ட எயார்பஸ் விமானமொன்றின் சுக்கான் நடுவானில் கழன்றது. அதிலிருந்த 271 பேரும் உயிர் தப்பினர். நார்ப்பொருட் புறத்தோலுக்கும் தேன்கூட்டு உள்ளகத்துக்கும் இடையிலான பிணைப்பு விலகல், அல்லது உள்ளக முறிவு, முன்னரே இருந்து பறப்பின்போது பெருகியிருக்க வேண்டும் எனக் கனடிய விசாரணை முடிவு செய்தது. அத்தகைய சேதங்கள் அனைத்தையும் கண்டறிய அன்றைய பரிசோதனை முறை போதாது எனவும் அது கூறியது.

‘சேதம் வளராது’ என்பது, பரிசோதிக்கும் கடமையிலிருந்து எம்மை விடுவிக்கும் இயற்கை விதியன்று. அது ஓர் எடுகோள். அவ்வெடுகோள் பொய்க்குமிடத்து அதன் விலையைச் செலுத்துவோர், 1842இல் போலவே, பயணிகளே.