ஓவிட்: முகம் தெரியாத கவிஞர்

ருமேனியாவில் கருங்கடல் ஓரம் கான்ஸ்டன்ட்சா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதன் பழைய பகுதியில் ஒரு சதுக்கம், அங்கே உயரமான பீடத்தின் மேல் ஒரு வெண்கலச் சிலை. நீண்ட அங்கி அணிந்த ஒருவர் தலையைத் தாழ்த்தி, கையை மோவாயில் வைத்து ஏதோ யோசனையில் நிற்கிறார். அவர் அந்த ஊர்க்காரர் அல்ல. அந்த ஊரைப் புகழ்ந்து பாடியவரும் அல்ல. குளிரையும் ஆபத்தையும் சொல்லிச் சொல்லி, தன்னை அங்கிருந்து எப்படியாவது விடுவிக்கும்படி கடைசி வரை மன்றாடியவர். இன்று அந்தச் சதுக்கமே அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர் புப்லியுஸ் ஓவிடியுஸ் நாசோ. நாம் ஓவிட் என்று சொல்லும் ரோமானியக் கவிஞர்.

ஜூலியஸ் சீசர் கொலையுண்டதற்கு அடுத்த ஆண்டு, கி.மு. 43 மார்ச் 20 அன்று, ரோமுக்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவே உள்ள சுல்மோ என்ற ஊரில் பிறந்தார். இப்போது அதன் பெயர் சுல்மோனா. வசதியான குடும்பம். மகன் சட்டம் படித்துப் பதவிக்கு வர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கவிதை சோறு போடுமா, ஹோமரே சொத்து சேர்க்கவில்லையே என்று அப்பா கேட்டதாக ஓவிட்டே எழுதியிருக்கிறார். உரைநடை எழுத உட்கார்ந்தாலும் வந்து விழுந்ததெல்லாம் செய்யுளாகவே இருந்ததாம். அப்பா என்ன செய்வார், பாவம்.

ரோமில் ஓவிட் சீக்கிரமே பிரபலமானார். ஆண் பெண் உறவைக் கேலியும் கிண்டலுமாகப் பாடிய 'காதல் கலை' என்ற நூல் ஊரெங்கும் படிக்கப்பட்டது. அப்போது ஆட்சி செய்தவர் அகஸ்டஸ். கி.மு. 18-ல் திருமண ஒழுக்கத்துக்குச் சட்டம் போட்டவர். இப்படிப்பட்ட அரசரும் அப்படிப்பட்ட கவிஞரும் ஒரே ஊரில் எத்தனை நாள் இருக்க முடியும்? கி.பி. 8-ல் ஆணை வந்தது. ஐம்பது வயது ஓவிட், பேரரசின் விளிம்பில் இருந்த தோமிஸுக்குப் போக வேண்டும். அதுதான் இன்றைய கான்ஸ்டன்ட்சா. விசாரணை மன்றம் எதுவும் கூடவில்லை. குடியுரிமையும் சொத்தும் பறிக்கப்படவில்லை, ஆனால் திரும்பி வரக்கூடாது. 'காதல் கலை' பொது நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டது. ஒரு கவிதையும் ஒரு தவறும் தன்னைக் கெடுத்தன என்று மட்டும் ஓவிட் எழுதினார். கவிதை எது என்று தெரியும். தவறு என்ன என்பதை அவர் கடைசி வரை சொல்லவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை பேர் படித்த கவிஞரின் முகம் நமக்குத் தெரியாது. அவர் காலத்தில் செய்யப்பட்டு, இவர்தான் ஓவிட் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சிலையோ ஓவியமோ ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. அன்றைக்கு இருக்கத்தான் செய்தது. நாடு கடத்தப்பட்டபின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கவிதைக் கடிதத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார். என் உருவம் யாரிடமாவது இருந்தால் அதன் தலையில் இருக்கும் ஐவிக்கொடி மாலையை எடுத்துவிடட்டும், அது மகிழ்ச்சியான கவிஞர்களுக்கு உரியது என்கிறார். அந்த நண்பர் ஓவிட்டின் உருவம் பதித்த தங்க மோதிரம் அணிந்திருந்தார். அதற்கு நன்றி சொல்லிவிட்டு, என் கவிதைகளே என்னுடைய பெரிய உருவப்படம், அவற்றைப் படியுங்கள் என்ற பொருளில் முடிக்கிறார். மோதிரம் போய்விட்டது. கவிதை இருக்கிறது.

முகம் தெரியாததால் ஒவ்வொரு காலமும் தனக்குத் தேவையான ஓவிட்டைச் செய்துகொண்டது.

இடைக்கால ஐரோப்பாவில் மத குருமார்களுக்கு ஒரு சிக்கல். ஓவிட்டின் லத்தீன் இல்லாமல் பாடம் நடத்த முடியவில்லை, ஆனால் அவர் பாடியதோ காதலையும் வேற்றுத் தெய்வங்களையும். ஆகவே அவரைத் திருத்தினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அவர் பெயரிலேயே ஒரு போலிக் கவிதை வந்தது. அதில் வயதான ஓவிட் மனம் மாறிக் கிறிஸ்துவின் வருகையை நம்புகிறார். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியில் அவர் கதைகளுக்கெல்லாம் கிறிஸ்தவ விளக்கம் சொல்லும் நூல் ஒன்று ஏறத்தாழ 72,000 வரிகளில் எழுதப்பட்டது. மூல நூலே 12,000 வரிதான்! அதே நூற்றாண்டில் தாந்தே தன் காவியத்தில் ஹோமர், ஹொராஸ், லூக்கன் ஆகியோரோடு ஓவிட்டையும் பெருங்கவிஞர்கள் வரிசையில் நிறுத்தினார். ஆனால் சொர்க்கத்தில் அல்ல, நரகத்தின் முதல் வட்டத்தில்.

1493-ல் நூரம்பர்க்கில் அச்சான புகழ்பெற்ற உலக வரலாற்று நூலிலும் ஓவிட்டின் படம் உண்டு. அந்தப் புத்தகத்தில் 1,800-க்கும் மேற்பட்ட படங்கள், ஆனால் அச்சுக்கட்டைகள் சுமார் 645 மட்டுமே. ஒரே முகத்தைப் பல பேருக்கு மாட்டிவிட்டார்கள். ஆகவே அதில் முக ஒற்றுமையைத் தேடுவது வீண். சுல்மோனாவில் உள்ள 15-ஆம் நூற்றாண்டுச் சிலையில் அவர் அந்தக் கால அறிஞரின் அங்கியில், கையில் புத்தகத்தோடு காட்சி தருகிறார். நாசோ என்ற குடும்பப் பெயருக்கு மூக்கோடு தொடர்பு உண்டு. அதனால் மூக்கைப் பற்றியும் பேச்சு நிற்கவில்லை. ஷேக்ஸ்பியர்கூட ஒரு நாடகத்தில் வாத்தியார் பாத்திரத்தை வைத்து அந்த மூக்கைக் கிண்டல் செய்கிறார்.

19-ஆம் நூற்றாண்டில் நாடுகடத்தலே ஓவியர்களுக்குப் பொருளாயிற்று. 1838-ல் டர்னர் ரோமிலிருந்து ஓவிட் வெளியேற்றப்படுவதை வரைந்தார். படம் முழுக்க மாலை வெயிலும் மாளிகைகளும் ஆறும். நகரம் பொன்னாய் ஜொலிக்க, கவிஞர் தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு சிறு உருவம்.

இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1859-ல் டெலக்ரோவா 'சித்தியர்கள் நடுவே ஓவிட்' என்ற ஓவியத்தைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பச்சை மலைகள், அமைதியான நீர்நிலை, புல்தரையில் சாய்ந்திருக்கும் கவிஞர். சுற்றிலும் அந்த மண்ணின் மக்கள். சிலர் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், சிலர் உணவு கொண்டு வருகிறார்கள். முன்புறத்தில் ஒருவர் குதிரையிடம் பால் கறக்கிறார். குதிரை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்று அப்போதே விமர்சகர்கள் குறை சொன்னார்கள். கவிஞர் போதலேர் மட்டும் படத்தில் ஆழ்ந்துபோய் எழுதினார்.

ஓவிட்டின் கடிதங்களைப் படித்தவர்களுக்கு இந்தப் படம் வியப்பாக இருக்கும். அவர் சொல்லும் தோமிஸில் ஆறு உறைந்து போகிறது, தாடியில் பனிக்கட்டி மின்னுகிறது, திராட்சை ரசம் ஜாடியின் வடிவத்தில் கெட்டியாகிறது, மதிலுக்கு மேலே எதிரிகளின் அம்புகள் பறக்கின்றன. நன்றாகப் புலம்பினால்தான் அரசர் இரங்குவார் என்ற கணக்கும் இதில் இருந்திருக்கும். ஆனால் பிற்காலக் கடிதங்களில் வேறு செய்தியும் வருகிறது. ஊர்க்காரர்கள் அவருக்கு வரிவிலக்கு அளித்தார்கள், மாலை சூட்டி மரியாதை செய்தார்கள். அவர்களுடைய கெட்டிக் மொழியில் கவிதை எழுதியதாகவும் அவரே சொல்கிறார். தன் ஊர் துரத்தியது, முன்பின் தெரியாத ஊர் ஏற்றுக்கொண்டது. டெலக்ரோவா வரைந்தது இந்த உண்மையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கி.பி. 14-ல் அகஸ்டஸ் இறந்தார். அடுத்து வந்த டைபீரியஸும் இரங்கவில்லை. கி.பி. 17 அல்லது 18-ல் ஓவிட் அங்கேயே கண் மூடினார்.

இனி கான்ஸ்டன்ட்சா சிலைக்கு வருவோம். நெடுங்காலம் ஒட்டோமான் ஆட்சியில் இருந்த அந்தக் கடற்கரை 1878-ல் ருமேனியாவின் கைக்கு வந்தது. லத்தீன் வழி வந்த மொழி பேசும் புதிய நாட்டுக்கு, அந்த மண்ணில் ஒரு லத்தீன் கவிஞர் கிடைத்தது பெரிய வரம். 1887-ல் இத்தாலியச் சிற்பி எத்தோரே பெர்ராரி வடித்த சிலை நிறுவப்பட்டது. முதல் உலகப் போரில் ஊரைப் பிடித்த பல்கேரியப் படை சிலையை இறக்கியது, பிறகு ஜெர்மானியர்கள் திரும்ப நிறுத்தினார்கள். 1925-ல் இதே சிலையின் மறுபதிப்பு சுல்மோனாவிலும் வந்தது. பிறந்த ஊரிலும் இறந்த ஊரிலும் ஒரே உருவம், அதே கவிழ்ந்த தலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோமில் 1600-ல் உயிரோடு எரிக்கப்பட்ட ஜியோர்தானோ புரூனோவுக்கு, எரித்த இடத்திலேயே 1889-ல் சிலை எழுந்தது. அதையும் வடித்தவர் இதே பெர்ராரி.

இவையெல்லாம் ஓவிட்டின் கற்பனை முகங்கள். அவரே சொன்ன 'பெரிய உருவப்படம்' எது? உருமாற்றங்கள் என்று பொருள்படும் 'மெட்டமார்ஃபசிஸ்'. பதினைந்து பாகங்கள், ஏறத்தாழ 250 கதைகள். நாடுகடத்தல் ஆணை வந்தபோது தன் பிரதியை நெருப்பில் போட்டதாகச் சொல்கிறார். நல்லவேளை, நண்பர்களிடம் படிகள் இருந்தன. அவை மட்டும் இல்லாவிட்டால் ஐரோப்பிய ஓவியக்கூடங்களில் பாதிச் சுவர் காலியாகியிருக்கும். டிஷியனின் 'டயானாவும் அக்டியோனும்', பெர்னினியின் 'அப்போலோவும் டாஃப்னியும்' எல்லாம் அந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீர்தான். ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' நாடகத்தில் அந்தப் புத்தகமே மேடைக்கு வருகிறது. நாக்கு அறுக்கப்பட்ட பெண் அதன் பக்கங்களைப் புரட்டித்தான் தனக்கு நேர்ந்த கொடுமையைத் தெரிவிக்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள வெலாஸ்கெத்தின் 'நூல் நூற்கும் பெண்கள்'. நெடுங்காலம் அதை நெசவுக்கூடத்தின் சாதாரணக் காட்சி என்றே நினைத்தார்கள். 1664-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் ஒன்று 1948-ல் வெளியானபோதுதான் அதன் பழைய பெயர் 'அரக்னியின் கதை' என்று தெரிந்தது. அரக்னி ஓவிட் சொல்லும் நெசவுக்காரி. தேவதை மினர்வாவுடனேயே போட்டி போடுகிறாள். தெய்வங்கள் மனிதப் பெண்களுக்குச் செய்த வஞ்சனைகளைத் துணியில் நெய்கிறாள். வேலையில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாத மினர்வா கோபத்தில் துணியைக் கிழித்து, அவளைச் சிலந்தியாக்கி விடுகிறாள். குற்றம் நெசவில் இல்லை, நெய்த விஷயத்தில். தனக்குத் தண்டனை வருவதற்கு முன்பே ஓவிட் எழுதிய கதை இது. அவருடைய முகம் வேண்டுமென்றால் நான் அரக்னியைத்தான் பார்ப்பேன்.

2017 டிசம்பரில், அவர் இறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆனதையொட்டி, ரோம் நகர சபை அகஸ்டஸின் நாடுகடத்தல் ஆணையை ரத்து செய்து தீர்மானம் நிறைவேற்றியது. கேட்டவருக்குக் கிடைக்க இருபது நூற்றாண்டுகள் ஆயின. ஆனால் 'மெட்டமார்ஃபசிஸ்' முடியும் இடத்தில், ஜூபிடரின் கோபமோ காலமோ தன்னை அழிக்காது, ரோமின் ஆட்சி பரவிய இடமெல்லாம் மக்கள் தன்னைப் படிப்பார்கள் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். இதில் ஓவிட் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டுவிட்டார். ரோமின் ஆட்சி ஒருநாளும் எட்டிப் பார்க்காத நம் ஊரில், தமிழில், நீங்கள் அவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.