ஒரு ஜனவரிச் சம்பளம் பிறந்த கதை

2018 ஒக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில், போர்த்துக்கேயர் 1628இல் கட்டத் தொடங்கி ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டைக்குள் அன்று கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் இயங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்க நவம்பர் 5 என்று நாள் குறித்தாகிவிட்டது. வார இறுதிக்காகக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள். அன்றிரவுச் செய்தியில் நாட்டின் பிரதமர் மாறியிருந்தார்.

ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பதவியிலிருந்த ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு, 2015 தேர்தலில் தாம் தோற்கடித்த மகிந்த ராஜபக்சவையே பிரதமராக்கினார். ரணிலோ பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையை விட்டு வெளியேற மறுத்தார். பிரதமரை நினைத்தபோது நீக்கும் அதிகாரத்தை 2015இல் நிறைவேறிய 19ஆவது திருத்தம் ஜனாதிபதியிடமிருந்து எடுத்துவிட்டது என்பது அவர் வாதம். ஒரே நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள். யாருக்குப் பெரும்பான்மை என்று நாடாளுமன்றத்தில் தலையெண்ணினால் விடை தெரிந்துவிடும். ஆனால் மறுநாளே நாடாளுமன்றம் நவம்பர் 16 வரை ஒத்திவைக்கப்பட்டது. நவம்பர் 5க்குக் குறித்த வரவு செலவுத் திட்டம் அந்தரத்தில் நின்றது.

இலங்கை அரசின் பணமெல்லாம் திரட்டு நிதியம் என்ற ஒரே பெட்டியில் கிடக்கிறது. அந்தப் பெட்டிக்கு அரசியலமைப்பு இரட்டைப் பூட்டுப் போட்டிருக்கிறது. நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் நிதியமைச்சர் கையொப்பமிட்டு ஆணை தர வேண்டும். மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்துக்கான பணம் செலவினத் தலைப்பு 269இன் கீழ் வருகிறது. முகாமைத்துவ உதவியாளரின் சம்பளம் முதல் மின்கட்டணம் வரை அந்த எண்ணுக்கு எதிரேதான் எழுதப்படும். ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறினால்தான் அதற்கு நேரே தொகை விழும். 2018இன் ஒதுக்கீடு டிசெம்பர் 31 நள்ளிரவோடு முடிகிறது. அதற்குப் பிறகு?

கொழும்பில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கான 113ஐத் தேடும் ஓட்டம் தொடங்கியிருந்தது. 16 உறுப்பினர்களோடு இருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தராசு தாழும் என்ற நிலை. நவம்பர் 2ஆம் திகதி அந்தப் 16இல் ஒன்று கழன்றது. 2015இல் கூட்டமைப்பின் சார்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் வெற்றி பெற்ற ச. வியாழேந்திரன், மகிந்த அரசில் கிழக்கு அபிவிருத்திக்கான பிரதியமைச்சராகப் பதவியேற்றார். வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அன்று அதுதான் பேச்சு. அடுத்து கழலப்போவது யார் என்று ஊர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, ஆட்டமே வேறு திசையில் திரும்பியது.

நவம்பர் 9 இரவு வந்த வர்த்தமானி நாடாளுமன்றத்தைக் கலைத்தது. ஜனவரி 5இல் தேர்தல் என்றது. இங்கேதான் சம்பளத்தின் தலைவிதியில் ஒரு நுட்பமான முடிச்சு விழுந்தது. ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாத நிலையில் நாடாளுமன்றம் கலைந்தால், புதிய சபை கூடி மூன்று மாதம் ஆகும்வரை அரச சேவைகளுக்கு ஜனாதிபதியே திரட்டு நிதியத்திலிருந்து பணம் விடுவிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 150ஆவது உறுப்புரை. ஆக, கலைப்பு நிலைத்தால் சம்பளத்துக்கு ஆபத்தில்லை. ஆனால், நாலரை ஆண்டு முடியுமுன் சபையின் மூன்றில் இரண்டு பங்கினர் கேளாமல் கலைக்க முடியாது என்கிறது 19ஆவது திருத்தம். கலைப்பு நிலைக்குமா என்பதே இப்போது கேள்வி.

உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் குவிந்தன. மனுதாரர்களில் ஒருவர் கிழக்கின் மூத்த அரசியல்வாதியான திருகோணமலை இரா. சம்பந்தன். நவம்பர் 13ஆம் திகதி நீதிமன்றம் கலைப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. சனநாயகத்தைக் காத்த அந்த ஆணை, பணப்பெட்டிக்கு இருந்த மாற்று வழியை அடைத்தும்விட்டது. கலைப்பு இல்லையென்றால் 150ஆவது உறுப்புரையின் விதிவிலக்கும் இல்லை. இனி பணம் தரக்கூடியது நாடாளுமன்றம் மட்டுமே. அந்த நாடாளுமன்றம், முன்பு குறித்த 16க்கு முன்னதாகவே, மறுநாள் கூடியபோது நடந்ததை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது.

நவம்பர் 14இல் மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கால் நிறைவேறியதாகச் சபாநாயகர் கரு ஜயசூரிய அறிவித்தார். மறுதரப்பு ஏற்கவில்லை. 15இல் சபைக்குள் கைகலப்பு. 16இல் மிளகாய்த்தூள் பறந்தது, கதிரைகள் வீசப்பட்டன, சபாநாயகர் பொலிஸாரின் அரணுக்குள் நடந்து வந்தார். பிறகு நவம்பர் 29இல் சபை தன் கடைசி ஆயுதத்தை எடுத்தது. பிரதமர் செயலகத்தின் செலவுக்கு அரச பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற தீர்மானம், மகிந்த தரப்பு புறக்கணிக்க, 123 வாக்குகளோடு நிறைவேறியது. மறுநாள் அமைச்சர்களின் செலவுக்கும் அதே தடை.

டிசெம்பர் 3ஆம் திகதி விழுந்த அடி இன்னும் பெரிது. 122 உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில், மகிந்தவும் அவரது அமைச்சரவையும் பதவியில் செயற்பட மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. மகிந்தவே நிதியமைச்சராகவும் இருந்தார். ஆக, 2019க்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் இல்லை. ஆணையில் கையொப்பமிட நிதியமைச்சரும் இல்லை. இரண்டு பூட்டுக்கும் சாவி தொலைந்த நிலையில் நாட்காட்டியில் எஞ்சியிருந்தவை 28 நாட்கள்.

மட்டக்களப்பில் அது மாரிகாலம். பெரும்போக வயல்கள் பச்சை கட்டி நிற்க, உர மானியம் முதல் வறியோருக்கான சமுர்த்திக் கொடுப்பனவு வரை எல்லாம் அரசை நம்பியிருந்த நேரம். போதனா வைத்தியசாலையின் தாதியர், கச்சேரி ஊழியர், பிரதேச செயலகங்களின் கிராம உத்தியோகத்தர், ஓய்வூதியம் எடுக்கும் முதியவர் என ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அரச ஒதுக்கீட்டில் எரிகிறது. அவர்களுக்காகக் குரல் எழுப்ப மாகாண சபையும் இல்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரிலேயே முடிந்து ஆளுநர் ஆட்சி நடந்தது. வெளியே நாட்டின் கடன் தரம் இறங்கியது, ரூபாயும் விழுந்தது. ஜனவரியில் 100 கோடி டொலர் பிணைமுறிக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டிய நாளும் நெருங்கியது. 225 பேரும் கேட்டாலும் ரணிலை மீண்டும் பிரதமராக்க மாட்டேன் என்று ஜனாதிபதி பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். வழி எதுவும் தென்படவில்லை.

டிசெம்பர் 12இல் ரணில் மீது நம்பிக்கை தெரிவிக்கும் பிரேரணை 117 வாக்குகளால் நிறைவேறியது. அதில் கூட்டமைப்பின் 14 வாக்குகள் இருந்தன. அவை இல்லையென்றால் 113 எட்டியிராது. மறுநாள் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமித்து, கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். 15இல் மகிந்த விலகினார். 16இல் அதே ஜனாதிபதியின் முன் அதே ரணில் பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தார். 20இல் அமைச்சரவை பதவியேற்றது. ஆனால், முழு வரவு செலவுத் திட்டத்தை விவாதித்து நிறைவேற்ற வாரக்கணக்கில் ஆகும். கையில் இருந்ததோ 11 நாட்கள்.

கைகொடுத்தது இடைக்காலக் கணக்கறிக்கை. அமைச்சரவை அமைந்த மறுநாளே, டிசெம்பர் 21இல், 2019இன் முதல் நான்கு மாதங்களுக்கு 1,700 பில்லியன் ரூபாய்க்கு மேல் செலவிட அனுமதி கேட்கும் அறிக்கை சபைக்கு வந்தது. பாதிக்கு மேல் கடனை அடைக்கவே போகும் தொகை அது. ஆதரவாக 102 வாக்குகள், எதிராக 6. நிறைவேறியது.

ஒரு நாள்கூட முழுதாகக் கழியவில்லை. டிசெம்பர் 22இல் உலகின் மிகப் பெரிய பொருளாதாரமான அமெரிக்காவில், எல்லைச் சுவருக்கான பணத்தைப் பற்றிய சண்டையில் ஒதுக்கீடு நிறைவேறாமல் மத்திய அரசின் ஒரு பகுதி முடங்கியது. ஏறத்தாழ 8 இலட்சம் அரச ஊழியர்கள் கட்டாய விடுப்பில் இருந்தோ சம்பளமின்றி வேலை செய்தோ 35 நாட்கள் தவித்தார்கள். அது முடிவுக்கு வந்தது 2019 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை.

இலங்கையில் அரச சம்பளம் வழக்கமாக வங்கிக்கு வரும் திகதியும் 25தான். அந்த மாதம் மட்டக்களப்பில் சம்பளம் வந்ததை யாரும் செய்தியாக எண்ணவில்லை. பிள்ளைகளின் கொப்பிக்கும் கடைக்காரரின் கடனுக்குமாக அது கரைந்தது. முழு வரவு செலவுத் திட்டம் மார்ச் 5இல் சமர்ப்பிக்கப்பட்டு ஏப்ரல் 5இல்தான் நிறைவேறியது.

அந்தச் சம்பளத்தை நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு பெற்றுத் தந்தவை இரண்டு நீதிமன்றங்களின் ஆணைகள், மிளகாய்த்தூளுக்கு நடுவிலும் கலையாத ஒரு சபை, 19ஆவது திருத்தத்தின் நாலரை ஆண்டு வரம்பு ஆகியவை. 2020இல் 20ஆவது திருத்தம் அந்த வரம்பை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022இல் வந்த 21ஆவது திருத்தமும் அதை மீட்டெடுக்கவில்லை. 2018இல் நாடாளுமன்றத்தைக் காத்த வேலி இன்று ஏறத்தாழப் பாதி உயரத்தில் நிற்கிறது. அதை மறுபடி உயர்த்துவது அடுத்த நாடாளுமன்றங்கள் தீர்க்க வேண்டிய கடன்.