இருப்பு தீராத மருந்து: நைட்ரிக் ஆக்சைடும் வினையூக்கிப் பரப்புகளும்

1896 அக்டோபரில், இறப்பதற்கு ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன், ஆல்ஃபிரெட் நோபல் தம் உதவியாளர் ராக்னர் சோல்மனுக்கு ஒரு மடல் எழுதினார். இதயநோய்க்காக மருத்துவர்கள் தமக்கு நைட்ரோகிளிசரினையே உட்கொள்ளச் சொல்லியிருப்பதை விதியின் விளையாட்டு என அதில் குறிப்பிட்டார். மருந்துக்கடையில் அதன் பெயர் டிரைநைட்ரின். மருந்தாளரும் மக்களும் அஞ்சிவிடக் கூடாது என்பதற்காகவே அப்பெயர் என்பதும் அம்மடலில் உண்டு. டைனமைட்டின் உயிர்ப்பொருளும் நெஞ்சுவலியின் மருந்தும் ஒன்றே என்பதைப் பெயர் மறைத்தது. இவ்வரலாற்றில் பெயர்கள் அறிவை மறைத்த இடங்களும் உண்டு. அறிவுக்கு முந்திச் சென்ற இடங்களும் உண்டு.

1847இல் துரின் நகரில் நைட்ரோகிளிசரினை முதலில் ஆக்கிய அஸ்கானியோ சொப்ரேரோ, அதன் சிறு துளியை நாவில் வைத்தாலே கடும் தலைவலி உண்டாவதைப் பதிவுசெய்தார். 1867இல் லாடர் பிரண்டன் அமைல் நைட்ரைட்டையும், 1879இல் வில்லியம் மரல் நைட்ரோகிளிசரினையும் நெஞ்சுவலிக்குப் பயன்படுத்தினர். வெடிமருந்துத் தொழிலாளர் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பணிக்குத் திரும்பியதும் தலைவலியால் துன்புற்றதும் இதே குழாய்விரிவின் விளைவுதான். மருந்து வேலை செய்தது. எப்படி என்பதை ஏறத்தாழ நூறாண்டுகள் எவரும் அறியவில்லை.

விடையின் ஒரு பாதி பிழையிலிருந்து கிடைத்தது. அசிட்டைல்கோலின் உயிருள்ள உடலில் குருதிக்குழாய்களை விரிக்கும். புரூக்ளினில் பணியாற்றிய ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகத்திலோ, முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய கீற்றுகள் அதே பொருளால் சுருங்கின. இருபதாண்டுகளுக்கு மேல் இம்முரண் நீடித்தது. 1978இல் உதவியாளர் ஒருவர் செய்முறையின் வரிசையை மாற்றிவிட, சுருங்க வேண்டிய குழாய் தளர்ந்தது. பிழையைக் குப்பையில் எறியாமல் ஃபர்ச்காட் பின்தொடர்ந்தார். கீற்றுகளை வெட்டும்போது குழாயின் உட்புறம் உராய்ந்து, எண்டோதீலியம் என்னும் ஒற்றை அடுக்கு உயிரணுப் படலம் உரிந்துபோயிருந்ததே முரணுக்குக் காரணம். படலம் இருந்தால் தளர்வு, இல்லையேல் சுருக்கம். இருபதாண்டுக் காலம் ஆய்வாளர்கள் தம் கையாலேயே விடையைத் துடைத்தெறிந்துவந்தனர் என்றால் மிகையன்று.

1980இல் சவாட்ஸ்கியுடன் இணைந்து அவர் முடிவை வெளியிட்டார். படலத்திலிருந்து புறப்படும் அந்தப் பொருள் இன்னதென்று தெரியாத நிலையில், ‘எண்டோதீலியம் சார்ந்த தளர்த்தும் காரணி’ என்ற பெயர் விரைவில் வழக்கிற்கு வந்தது. பெயரிடப்பட்டது பொருள் அன்று, அதன் வேலை. நைட்ரோகிளிசரினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டுக் குவனைலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுகிறது என்பதை 1977இலேயே ஃபெரீத் முராத் காட்டியிருந்தார். இரண்டு செய்திகளும் ஒன்றையே சுட்டின என்று உணரப் பல ஆண்டுகள் ஆயின. 1986இல் ஃபர்ச்காட்டும் லூயி இக்னாரோவும் தனித்தனியே அவ்விணைப்பை முன்மொழிந்தனர். 1987இல் சால்வடோர் மொன்காடாவின் குழு சோதனை வழியாக உறுதிசெய்தது. 1998ஆம் ஆண்டின் நோபல் பரிசு முதல் மூவருக்குக் கிடைத்தது. மொன்காடா விடுபட்டது நியாயமா என்ற வாதம் எழுந்தது இயல்பே. மூவருக்கு மேல் பகிரக் கூடாதென்ற விதி அறிவியலின் இயல்போடு பொருந்துவதன்று.

இவ்வளவு சிறப்புற்ற மூலக்கூற்றுக்கு ஒரு குறை உண்டு: குருதியில் அது நிலைப்பதில்லை. ஹீமோகுளோபின் அதை உடனே விழுங்கிவிடும். பிறந்த குழந்தைகளின் நுரையீரல் குழாய்களை விரிக்க வாயுவாகவே முகரச் செய்யும் முறைக்கு 1999இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால் ஸ்டென்ட், வடிகுழாய் போன்ற அயற்பொருள்களின் மேற்பரப்பில் தட்டணுக்கள் ஒட்டிக் குருதி உறைவதைத் தடுக்க வேண்டுமெனில், அப்பரப்பிலேயே அது இடைவிடாது பிறக்க வேண்டும். இயல்பான எண்டோதீலியம் செய்வதும் அதுவே. முதல் முயற்சிகளில் டையசீனியம்டையோலேட் போன்ற சேர்மங்கள் பாலிமரில் பொதிக்கப்பட்டன. களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும் ஒருநாள் காலியாகும்.

மாற்றுவழிக்கான துணுக்குகள் வெவ்வேறு இடங்களில் கிடந்தன. குருதியில் எஸ்-நைட்ரோசோதயோல்கள் என்னும் சேர்மங்கள், குறிப்பாக அல்புமினோடு இணைந்து, உலவுவதாக 1992இல் ஜொனதன் ஸ்டாம்லரும் பிறரும் கூறினர். அச்சேர்மங்களைச் செம்பு அயனி சிதைப்பதை டர்ஹம் பல்கலைக்கழகத்தில் லின் வில்லியம்ஸ் குழுவினர் ஆராய்ந்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்து மார்க் மேயர்ஹாஃப் இரண்டையும் இணைத்தார். 2003இல் ஓ என்பவருடன் அவர் வெளியிட்ட கட்டுரையில், செம்புச் சேர்மம் கலந்த பாலிமர்ப் படலம் நைட்ரோசோதயோலிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தானே ஆக்கிக்கொண்டது. இரட்டை மின்னேற்றச் செம்பு, தயோல் போன்ற ஒடுக்கியால் ஒற்றை மின்னேற்ற நிலைக்கு இறங்கும். அந்நிலையில் கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பைப் பிளந்து, மீண்டும் பழைய நிலைக்கு ஏறும். செம்பு செலவாவதில்லை, மூலப்பொருளைக் குருதியே தரும். துறையின் சொல்வழக்கும் இங்கே பிரிந்தது: பழையது ‘வெளியிடும்’ பொருள், புதியது ‘ஆக்கும்’ பொருள்.

செம்பு கசிந்தால் நச்சாகுமே என்ற ஐயம் செலினியத்துக்கு இட்டுச்சென்றது. குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியின் மையத்தில் இருப்பது செலினியமே. 2007இல் சா, மேயர்ஹாஃப் இருவரும் கரிமச் செலினியத்தைப் பரப்பில் பிணைத்துக் காட்டினர். 2012இல் மெலிசா ரெனால்ட்ஸின் குழு செம்பு அடங்கிய உலோக-கரிமக் கட்டமைப்புகளைக் கொண்டுவந்தது.

ஆயினும் முழுக் கட்டடமும் ஓர் எண்ணின்மேல் நிற்கிறது: குருதியில் உண்மையில் எவ்வளவு நைட்ரோசோதயோல் உள்ளது? முதல் அளவீடுகள் மைக்ரோமோலார் அளவில் கூறின. பின்வந்த பல அளவீடுகள் நானோமோலார் அளவுக்கு இறங்கின. வேறுபாடு ஆயிரம் மடங்கை எட்டக்கூடியது. அளவிடும் முறையே அச்சேர்மத்தைச் சிதைப்பதும் ஆக்குவதும் உண்டென்பதால் சர்ச்சை எளிதில் அடங்கவில்லை. 2011இல் முயல்களின் குருதியை உடலுக்கு வெளியே சுழற்றிச் செம்பு கலந்த பாலிமரைச் சோதித்தபோது, ஆய்வாளர்கள் குருதி தருவதை மட்டும் நம்பியிருக்கவில்லை. எஸ்-நைட்ரோசோ-என்-அசிட்டைல்பெனிசிலமின் என்னும் நைட்ரோசோதயோலைச் சோதனை நெடுகிலும் சிரைவழியே செலுத்திக்கொண்டிருந்தனர்.