பனியில் ஓடிய நாயும் மலைச்சரிவில் பதுங்கிய நாயும்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். வீட்டில் பெரும் பிணக்கு. நாய் வளர்ப்பதென்று முடிவாகிவிட்டது. ஆனால் மகளுக்குச் சைபீரியன் ஹஸ்கி வேண்டும், மகனுக்குப் போர்டர் கொலி வேண்டும். "மாமா, நீங்கள் சரித்திரம் படிச்சனீங்கள்தானே, ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ" என்றான். நாய்க்கும் சரித்திரப் பட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று முதலில் சிரித்தேன். பின்னர் யோசித்துப் பார்த்தபோது, அவன் சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறான் என்று பட்டது. ஒரு நாய் இனத்தின் குணம் என்பது, அதனிடம் மனிதன் வாங்கிய வேலையின் வரலாறேயன்றி வேறில்லை.

ஹஸ்கியின் பூர்வீகம் சைபீரியாவின் வடகிழக்குக் கோடி. அங்கு வாழும் சுக்சி இனத்தவர் வளர்த்த சறுக்குவண்டி நாய் இது. இலேசான சுமையை, அளவான வேகத்தில், குறைந்த தீனியுடன் நெடுந்தூரம் இழுப்பதே இதன் பணி. 1909இல் ரஷ்ய வணிகர் ஒருவர் இந்நாய்களை அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டு வந்து, 408 மைல் பந்தயமொன்றில் இறக்கினார். அவற்றின் சிறிய உருவத்தைக் கண்டு ஊரார் ஏளனம் செய்தார்களாம். அவ்வணி மூன்றாவதாக வந்தது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில், ஜோன் ஜோன்சன் என்பவர் ஓட்டிய சைபீரிய அணி முதலாவதாக வந்தது. அத்துடன் ஏளனம் ஓய்ந்தது.

உலகம் இந்நாய்களை அறிந்தது 1925 ஜனவரியில். நோம் நகரில் தொண்டைக்கரப்பான் நோய் பரவியது. துறைமுகம் உறைந்து கிடந்தது. ரயில் நெனானா வரைதான் வரும். அங்கிருந்து 674 மைல், அதாவது ஏறத்தாழ 1085 கிலோமீற்றர் தூரத்தை 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் அஞ்சலோட்டமாக ஐந்தரை நாட்களில் கடந்து மருந்தைச் சேர்த்தனர். மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியது நோர்வேயில் பிறந்த லியோன்ஹார்ட் செப்பலாவின் அணி. அதன் தலைமை நாய் டோகோவுக்கு அப்போது 12 வயது. ஆனால் பெப்ரவரி 2ஆம் திகதி மருந்துடன் நகருக்குள் நுழைந்தது குன்னார் காசனின் அணி. அதனை வழிநடத்தியதாகச் சொல்லப்பட்ட பால்டோவுக்கே புகழெல்லாம் போனது. கடைசிக் கட்டத்தில் நின்றவரையே படம் பிடிப்பது பத்திரிகைத் தொழிலின் பழைய வழக்கம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை எழுந்தது. அடுத்து நடந்ததைத்தான் மருமகனுக்கு நான் விரிவாகச் சொன்னேன். சிலை எழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகுமுன்னரே, பால்டோவும் அதன் கூட்டாளிகளும் விற்கப்பட்டு, லொஸ் ஏஞ்சல்சில் ஒரு மலிவான காட்சிக்கூடத்தில் வாடிக் கிடந்தன. கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் கிம்பிள் என்ற வணிகர் தற்செயலாகக் கண்டார். அந்நகர மக்கள், பள்ளிச் சிறுவர்கள் உட்பட, சில்லறையாகச் சேர்த்த 2000 டொலர் கொடுத்து 1927இல் அவற்றை மீட்டனர். ஆறு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து 1933இல் பால்டோ இறந்தது. சிலை வைக்கும் ஊரிலும் சோறு வைக்க ஆளிருப்பதில்லை.

போர்டர் கொலியின் கதை வேறு. ஸ்கொட்லாந்து - இங்கிலாந்து எல்லை மலைகளில் இடையர்கள் உருவாக்கிய நாய் அது. 1893இல் நோர்தம்பர்லாந்தில் அடம் டெல்பர் என்பவரிடம் பிறந்த 'ஹெம்ப்' என்ற நாயே இன்றைய இனத்தின் மூதாதை. ஹெம்ப் குரைத்தும் கடித்தும் ஆடுகளை மடக்கவில்லை. பதுங்கி, கண்ணால் உற்று நோக்கியே நகர்த்தியது. ஓநாய் இரையைப் பின்தொடரும் அதே செயல்தான். கொல்லும் கடைசிப் படியை மட்டும் இடையர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து அகற்றிவிட்டார்கள். இந்த நாய்களை அழகுப் போட்டிக்கு வளர்த்தால் வேலைத்திறன் அழிந்துவிடும் என்று இடையர்கள் நெடுங்காலம் எதிர்த்தார்கள். அவர்களது எதிர்ப்பையும் மீறித்தான் 1995இல் அமெரிக்கக் கென்னல் கழகம் இவ்வினத்தை அங்கீகரித்தது. ஜோன் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேசர் என்ற தமது போர்டர் கொலிக்கு 1022 பொருட்களின் பெயர்களைக் கற்பித்து, 2011இல் ஆய்வாக வெளியிட்டார். மூன்று ஆண்டுகள், நாளொன்றுக்கு நான்கைந்து மணிநேரம் அதனுடன் செலவிட்டிருந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே ஹஸ்கி வாசலைத் திறந்தால் ஓடும், கூப்பிட்டால் திரும்பாது, ஓடுவதற்கென்றே ஆக்கப்பட்டது. காவலுக்கும் உதவாது, திருடனையும் வாலாட்டி வரவேற்கும். கொலி சொல்வதைக் கேட்கும், ஆனால் அடுத்ததைச் சொல் என்று முன்னால் வந்து நிற்கும். ஆடில்லாத வீட்டில் பிள்ளைகளையும் சைக்கிள்களையும் மேய்க்கத் தொடங்கும். தொலைக்காட்சித் தொடரொன்றில் ஓநாய்களைக் கண்டு மயங்கி ஹஸ்கி வாங்கியோர் பின்னர் கைவிட்டதால், 2017இல் அத்தொடரின் நடிகர் பீற்றர் டிங்கிலேஜே வாங்காதீர்கள் என்று கேட்க நேர்ந்தது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் எண்ணினேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, எங்கள் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டு, ஒரு சட்டிச் சோறும் வைத்துவிட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களில் நானும் ஒருவன். ஊர் நாய், இனம் எதுவுமில்லை. படலைவரை வந்து நின்றது. அடுத்த ஆண்டு திரும்பியபோது சட்டி கிணற்றடியில் கிடந்தது. நாங்கள் வேறு வழியின்றி விட்டவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். நாய்க்கு அது தெரியாது.

மருமகனிடம் எந்த இனத்தையும் நான் பரிந்துரைக்கவில்லை. தை மாதத்து விடியற்காலை ஆறு மணிக்கு, வெளியில் பனி கொட்டும்போது, ஒரு மணித்தியாலம் அதனைக் கூட்டிச்செல்லப் போவது யார் என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் மௌனம். பின்னணியில் பிள்ளைகளின் வாக்குவாதம் கேட்டது.

"கேட்டுப்போட்டுச் சொல்லுறன் மாமா" என்று வைத்துவிட்டான். இன்னும் அழைக்கவில்லை.