இஞ்சிப் பிஸ்கட்டும் அன்பின் விருந்தும்



கிறிஸ்து பிறப்பின் பண்டிகை நெருங்கும் இந்நாட்களில் உங்கள் இல்லங்களில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்த கைப்பக்குவம் அது. இவ்வாரம் கடல் கடந்த ஒரு சபையாரின் பண்டிகைப் பலகாரத்தைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். பலகாரம் சிறியது, அதன் வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வியோ பெரியது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்னும் நகரம் உண்டு. அங்குள்ள மொரேவியன் சபைக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒருவகை இஞ்சிப் பிஸ்கட் சுடுவது நெடுநாளைய வழக்கம். கோதுமை மாவோடு இஞ்சிப்பொடி, இலவங்கப்பட்டை, கிராம்பு ஆகியவற்றைக் கலந்து, மொலாசஸ் எனப்படும் கரும்புப்பாகை ஊற்றிப் பிசைவார்கள். பிசைந்த மாவைக் குளிர்ந்த இடத்தில் ஓர் இரவேனும் வைத்திருப்பார்கள். மாவு இறுகிய பின் அதைக் காகிதம்போல் மெலிதாகத் தேய்ப்பதே இதன் வித்தை. நட்சத்திரமும் விலங்குகளுமாய் வடிவமைந்த தகர அச்சுகளால் வெட்டி, சில நிமிடங்களே அடுப்பில் வைப்பார்கள். கண் தப்பினால் கருகிவிடும். ஆகவே ஒருவர் தேய்க்க, ஒருவர் வெட்ட, ஒருவர் அடுப்பைக் கவனிக்க, வீடே கூடி வேலை செய்யும்.

இச்சபையாரின் வேர் மத்திய ஐரோப்பாவில் உள்ளது. 1415-இல் யான் ஹுஸ் என்னும் போதகர் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழிவந்த விசுவாசிகளுள் சிலர், 1722-இல் மொரேவியாவை விட்டு ஓடி, சாக்சனி நாட்டில் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஹெர்ன்ஹுட் என்னும் கிராமம் இவ்வாறு எழுந்தது. வெவ்வேறு சபைப் பின்னணியினர் அங்கே குடியேறியதால் விரைவிலேயே சச்சரவு மூண்டது. 1727 ஆகஸ்ட் 13 அன்று அவர்கள் திருவிருந்தில் கலந்துகொண்டபோது ஒருவரோடொருவர் ஒப்புரவாயினர். வீடு திரும்ப மனமின்றி ஆங்காங்கே கூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பிரபு தம் சமையலறையிலிருந்து உணவு அனுப்பினார். ஆதித் திருச்சபையின் அன்பின் விருந்து அவர்களிடையே இவ்விதமாய் மீண்டும் உயிர்பெற்றது.

அவர்கள் சென்ற இடமெல்லாம் அந்த விருந்தும் சென்றது. 1753 நவம்பர் 17 அன்று வட கரோலினாவின் காட்டில் பதினைந்து சகோதரர்கள் ஒரு கைவிடப்பட்ட குடிசையை அடைந்தனர். அன்று மாலையே அங்கே அன்பின் விருந்து நடந்தது. 1766-இல் சேலம் நகரைக் கட்டத் தொடங்கினர். 1800-இல் அங்கே எழுந்த ரொட்டிச்சாலையை 1807-இல் கிறிஸ்டியன் விங்க்ளர் என்பவர் ஏற்று நடத்தினார். விறகு எரிக்கும் அதன் அடுப்பு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஆலயத்தில் இனிப்பு ரொட்டியும் காப்பியும், வீட்டில் இஞ்சிப் பிஸ்கட்டும் என்று பண்டிகை நிலைபெற்றது.

பிரியமானவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். அந்தப் பிஸ்கட்டுக்கு நிறமும் இனிப்பும் தந்த கரும்புப்பாகு எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் மொலாசஸ் பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. ஆப்பிரிக்க அடிமைகள் அங்கே கரும்பு வெட்டி மாண்டனர். அந்த அடிமைகளுக்கு நற்செய்தி சொல்ல 1732-இல் செயின்ட் தாமஸ் தீவுக்கு இருவரை அனுப்பியதும் இதே மொரேவியன் சபைதான். ஆனால் சேலத்தில் அச்சபையே அடிமைகளை விலைக்கு வாங்கியது.

தொடக்கத்தில் ஞானஸ்நானம் பெற்ற கறுப்பின விசுவாசிகள் வெள்ளையரோடு ஒரே ஆலயத்தில் அமர்ந்தனர். ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். நாளடைவில் சுற்றியிருந்த உலகத்தின் வழக்கம் சபைக்குள் நுழைந்தது. 1816-இல் கறுப்பினத்தாருக்குக் கல்லறைத் தோட்டம் தனியானது. 1822-இல் சபையும் தனியானது. அவர்களுக்கெனக் கட்டப்பட்ட ஆலயத்தில்தான் 1865 மே 21 அன்று அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்டது. அடிமைத்தனத்தில் தனக்கிருந்த பங்குக்காக மொரேவியன் சபையின் தென் மாகாணம் 2006-இல் மன்னிப்புக் கேட்டது. சச்சரவு தீர்ந்த மகிழ்ச்சியில் பிறந்த விருந்து, பிரிவினைக்குள் விழுந்து எழ இத்தனை காலம் பிடித்தது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. சின்சென்டார்ப், ஆலே நகரில் பள்ளி மாணவராயிருந்தபோதே நம் தரங்கம்பாடி மிஷன் பணியின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். 1760-இல் மொரேவியன் சகோதரர்களும் தரங்கம்பாடிக்கு வந்து சில பத்தாண்டுகள் உழைத்தனர். பிரிவினையும் நாம் அறியாததன்று. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழியவேண்டும் என்று எழுதியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் விசுவாசிகளே எதிர்த்து நின்றனர். தனி இருக்கைகளும் தனிக் கல்லறைத் தோட்டங்களும் சேலத்தில் மட்டுமா இருந்தன? கொரிந்து சபையில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் திருப்தியாய் உண்டதைப் பவுல் கடிந்துகொண்டது, விருந்து என்ற பெயரில் ஆண்டவருடைய சரீரம் பிளக்கப்பட்டதாலேயே.

ஆகையால் இந்தக் கிறிஸ்துமஸில் உங்கள் பலகாரத் தட்டைக் கவனியுங்கள். அது வழக்கமாக எந்த வீடுகளுக்குப் போகிறது? நம் தெருவில், நம் சபையில், அது ஒருபோதும் படியேறாத வீடு எது? உங்களுக்காக மாவிடித்தவரும், அடுப்பண்டை வெந்தவரும், ஆலய வளாகத்தைப் பெருக்குகிறவரும் உங்கள் மேசையில் அமர்ந்து உண்டதுண்டா? அல்லது அவர்களுக்குரிய பங்கு பொட்டலமாய்க் கொல்லைவாசலில் கொடுக்கப்பட்டதா?

பிள்ளைகளுக்குக் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொடுங்கள், அது நல்லது. அதனோடு, தட்டை எடுத்துக்கொண்டு எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்பதையும் கற்றுக்கொடுங்கள். பாகின் பதத்தை நம் கையிலிருந்து கற்றுக்கொள்ளும் பிள்ளை, நாம் தவிர்க்கும் வாசலையும் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறது.

இவ்வாரம் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பண்டிகைக்குமுன் அவ்வீட்டாரை உங்கள் மேசைக்கு அழையுங்கள்; அவர்கள் அழைத்தால் நீங்களும் சென்று, அவர்கள் தருவதை உண்ணுங்கள். முன்னணையில் பிறந்தவர் நம் பந்திகளை ஒன்றாக்குவாராக. ஆமென்.