மெத்தை வீடும் தானே புயலும்

போன மாதம் பக்கத்துத் தெரு நண்பர் போனில் கூப்பிட்டார். "சார், மேலே ஒழுகுது. யாரைக் கூப்பிடறது? சிமெண்டு பால் ஊத்தினா நிக்குமா?" என்றார். அவருடையதும் எங்களுடையதைப் போலப் பழைய மெத்தை வீடு. "எதையும் ஊற்றாதீர்கள், இரண்டு நாள் பொறுங்கள், எழுதுகிறேன்" என்றேன். அதுதான் இது.

மெத்தை என்றால் பஞ்சு மெத்தை என்று என் பேத்தி நினைக்கிறாள். நம் பக்கத்தில் மேல்தளம் போட்ட வீட்டுக்கு அதுதான் பெயர் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தளத்துக்குள் என்ன இருக்கிறது என்பது நம்மில் பலருக்கே மறந்துவிட்டது. எனக்கும் மறந்திருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்கிறேன்.

1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அந்த மாதம் முதல் தேதியே பெரும்புயல் ஒன்று அடித்து, ஊரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களைச் சிதறடித்தது. ஆனாலும் ஊர் தப்பவில்லை. பதினைந்து நாளில் சரணடைந்தது. கோட்டை, மாளிகை எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஊர் திரும்பக் கிடைத்தபின், 1765 முதல் லா தெ லோரிஸ்தோன் காலத்தில் அதே தெருக்கோடுகளில் மறுபடி கட்டினார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் வீடு, மேற்கே நம் வீடு. முகப்பு வேறு, திண்ணை வேறு, உள்ளே புழங்கும் முறை வேறு. தலைக்கு மேலே மட்டும் இரண்டுக்கும் ஒரே வேலைப்பாடுதான். அதற்கு எஞ்சினியர்கள் வைத்த பெயர் 'மெட்ராஸ் டெரஸ்'. பிரெஞ்சு ஊரின் கூரைக்கு ஆங்கிலேயன் ஊர்ப் பெயர்!

சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். பெரும்பாலும் பர்மாத் தேக்கு. அதன்மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனத்தில் மெல்லிய செங்கல்லை மூலைவாட்டாக, குத்துவாக்கில் சுண்ணாம்பில் அடுக்குவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் அடிக்க வேண்டும். கட்டை தளத்தில் பட்டுத் துள்ளி எழும்பினால்தான் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் தட்டோடு பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து முடிப்பார்கள்.

அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்துக் குமாஸ்தா. வருடா வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொத்தனாரை வரச்சொல்லித் தாமும் மேலே ஏறுவார். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பது, தட்டோட்டுச் சந்துகளில் சுண்ணாம்புக் கரைசல் விடுவது, தாரைக்குழாயில் கையை விட்டுக் குப்பையை வாருவது. அரை நாள் வேலை. கொத்தனாருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

தாரை என்றதும் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒருநாள் 'கூத்தியேர்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி உரக்க வாசித்தார். வகுப்பே சிரித்தது. தமிழ்க் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று விளக்க வேண்டாம். கூரை ஓரத்துத் தண்ணீர்த் தாரைக்கு அந்தப் பெயர். சிரிப்பு அடங்கியபின் அவர் சொன்னார்: கூரை ஒழுகுவதற்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். இரண்டு பொருளுக்கும் உள்ள சம்பந்தம் எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

அப்பா 1987-ல் காலமானார். அடுத்த மழைக்காலத்தில் கூடத்தின் ஒரு மூலையில் ஈரம் தெரிந்தது. நான் படித்தவன், அரசாங்க உத்தியோகஸ்தன். கடுக்காய்த் தண்ணீரெல்லாம் பழங்காலம் என்று நினைத்தேன். ஒரு காண்டிராக்டரைப் பிடித்து, தட்டோட்டின்மேல் ஒன்றரை அங்குலம் சிமெண்டுத் தளம் போட்டு, 'இனி இருபது வருடத்துக்குக் கவலை இல்லை' என்ற அவர் வார்த்தையை நம்பி மேலே ஏறுவதையே விட்டுவிட்டேன். ஒழுகலும் நின்றது. அதுதான் பெரிய மோசம்.

அலுவலகத்திலும் இதே கதைதான். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பதிவறை ஒழுகியது. எஸ்டிமேட் கேட்டுக் கோப்பு போட்டேன். கோப்பு மேசை மேசையாக நகர்ந்து திரும்புவதற்குள் இரண்டு மழைக்காலம் போயிற்று. அதுவரை பதிவேடுகளுக்குத் தார்ப்பாய் போர்த்தினோம். தார்ப்பாய் வாங்கியதற்கும் தனிக் கோப்பு உண்டு.

2011 டிசம்பர் 29 இரவு தானே புயல். உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை கடலூருக்கும் நமக்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை. நள்ளிரவுக்குமேல் மரங்கள் முறிகிற சத்தம். மூன்று மணி இருக்கும், கூடத்து நடுவில் சொட்டு விழுந்தது. பிறகு நான்கைந்து இடத்தில். என் மனைவி அண்டா, குண்டான் எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தேன். நான்காவது உத்தரத்தின் சுவரோர முனை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. உத்தரத்துக்கும் செங்கல்லுக்கும் இடையே கறுப்பாக ஒரு சந்து. சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

மெயினை அணைத்தேன். மாமியாரைக் கட்டிலோடு தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனோம். அது பிற்பாடு கட்டிய காங்கிரீட் அறை. கூடத்துக் கதவைச் சாத்தி, யாரும் போகக் கூடாது என்றேன். அண்டா நிறைந்து வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அதை எடுக்கப் போகிறேன் என்ற மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அத்தனை வருட வாழ்க்கையில் அவள்மேல் அவ்வளவு கடுமையாக நான் பேசியதில்லை.

காற்று தணிந்தபின் மேலே போனேன். கைப்பிடிச் சுவருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் குளமாக நின்றது. வேப்பிலையும் தென்னம்பாளையும் தாரைகள் இரண்டையும் அடைத்திருந்தன. பத்தடிக்குப் பத்தடி இடத்தில் நாலங்குலத் தண்ணீர் நின்றால் அதன் எடை ஏறக்குறைய 940 கிலோ. எங்கள் கூடம் அதைப்போல் இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கை நான் பிற்பாடுதான் போட்டேன். அப்போது, உத்தரம் இறங்கிய பக்கம் மிதிக்காமல் சுவரை ஒட்டியே நடந்துபோய், தாரையில் தோள்வரை கையை விட்டு இழுத்தேன். தெருவில் தண்ணீர் கொட்டி முடிய இருபது நிமிஷம் ஆயிற்று.

அப்பாவோடு மேலே ஏறிய கொத்தனாரின் மகன், அவரே எழுபதைத் தொட்டவர், அன்று மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துசேர்ந்தார். தெரு முழுக்க மரம் கிடந்தது. பந்தல்காரரிடம் சவுக்குக் கட்டை வாங்கி, கீழே பலகை போட்டு, உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தோம். "தூக்கப் பாக்காதீங்க ஐயா, தாங்கினா போதும். தூக்கினா கல்லு கலைஞ்சிடும்" என்றார். தார்ப்பாயை மேலே விரித்து, நடுவில் செங்கல் வைக்காமல் ஓரச் சுவரில் மணல் மூட்டை போட்டு அழுத்தினோம். அன்று அவ்வளவுதான் செய்ய முடிந்தது, செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். ஈரத்தின்மேல் எதையும் பூசவில்லை.

தை மாதம் வெயிலில் சிமெண்டை ஓர் இடத்தில் கொத்திப் பார்த்தார். வெளியே மழை நின்று மூன்று வாரம். உள்ளே ஜல்லி பிசுபிசுவென்று ஈரம். "சுண்ணாம்புத் தளம் தண்ணி குடிக்கும், வெயில் வந்தா விட்டுடும். நீங்க மேல மூடி போட்டுட்டீங்க. வெடிப்புல இறங்கின தண்ணி வெளிய வர வழியில்லாம சுவரோரமா உத்தரத்து முனைக்குப் போயிருக்கு" என்றார். ஒரு திருப்புளியால் முனையில் குத்தினார். பிடிவரை இறங்கியது. இருபத்துச் சொச்சம் வருடம் ஒழுகாமல் இருந்தது என்று நான் நினைத்த காலம் முழுவதும் அது உள்ளே அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "முசே இருந்தப்ப ஆவணிக்கு ஆள் வரும்" என்றார், அவ்வளவுதான்.

பிரான்சில் இருக்கும் மகன், "வித்துட்டு ஃபிளாட்டுக்குப் போங்கப்பா" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு லட்சத்துக்குமேல் செலவு, அதுவும் ஓய்வூதியப் பணம். ஒரு வாரம் நான் தூங்கவில்லை. கடைசியில் என் மனைவிதான், "நீங்க போட்ட மூடியை நீங்களே எடுங்க" என்றாள்.

உளியால் சிமெண்டை எடுத்து, மூன்று உத்தரங்களை மாற்றினோம். பழைய தேக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? நம் ஊரிலேயே இடித்த மெத்தை வீடுகளிலிருந்து. யார் வீட்டு உத்தரமோ எங்கள் கூடத்தைத் தாங்குகிறது. முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவி, சுவரில் காற்றாட இடம் விட்டு வைத்தார்கள். நான்கு பெண்கள் ஐந்து நாள் தளம் அடித்தார்கள். பழைய பாட்டு யாருக்கும் தெரியவில்லை. செல்போனில் சினிமாப் பாட்டு வைத்துக்கொண்டு அடித்தார்கள். கட்டை துள்ளியது.

மூன்று வருடம் கழித்து, 2014 நவம்பர் 29-ஆம் தேதி, மழையில் நம் மேரி கட்டிடம் இடிந்து விழுந்தது. 1870-களின் தொடக்கத்திலிருந்து கடலைப் பார்த்து நின்ற கட்டிடம். நம்மில் எத்தனை பேருடைய பிறப்பும் கலியாணமும் அங்கே எழுதப்பட்டவை! மறுநாள் போய்ப் பார்த்தேன். குவியலில் உடைந்த உத்தரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் தூண்களைப் போட்டோ எடுத்தார்கள், என் கண் உத்தர முனைகளைத்தான் தேடியது. 2021-ல் அதே முகத்தோடு புதிதாகக் கட்டித் திறந்தார்கள்.

ஆகவே நண்பருக்கு: முதலில் தாரையைப் பாருங்கள். கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள், தண்ணீர் உத்தரத்தோடு பத்தடி நடந்து வந்து சொட்டும். சுவரோர முனையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். இறங்கினால் அன்றைக்கே முட்டுக் கொடுங்கள். பூச்செல்லாம் காய்ந்தபிறகு.

ஃபெங்கல் புயலில், 2024 நவம்பர் 30 தொடங்கி ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் பெய்ததே, அன்று எங்கள் வீட்டில் பூஜை அறை ஓரம் ஓர் இடத்தில் சொட்டியது. ஒரு வாளி வைத்தோம். நாலு நாள் வெயிலில் காய்ந்துவிட்டது. கொத்தனார் இப்போது இல்லை. அவர் பேரன் டைல்ஸ் வேலைக்குப் போகிறான், சுண்ணாம்பு தெரியாது, ஆனால் மேலே ஏறித் தாரையில் கை விடுவதற்கு வருகிறேன் என்றிருக்கிறான். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன். கடுக்காய் வாங்கி வைத்தாயிற்று.